ஓல்ட்ஸ்வில்: ஆற்றுக்குள் போன ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில், கலியாணவீடு செத்தவீடு என்று 401 நெடுஞ்சாலையில் ஓடித் திரியாத தமிழ்க் குடும்பம் கனடாவில் குறைவு. கோர்ன்வால் வருவதற்குச் சற்று முன்னால், 770 ஆம் இலக்க வெளிவழியில் ‘டிக்கின்சன் டிறைவ்’ என்றும் 778 இல் ‘மூலினெட் றோட்’ என்றும் பலகைகள் வரும். நானும் பல வருடங்களாக அவற்றை வாசித்தும் வாசிக்காமலும் கடந்து போனேன். டிக்கின்சன்ஸ் லாண்டிங், மூலினெட் என்ற பெயரில் இருந்த ஊர்கள் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன என்று தெரிய வந்த பிறகு அந்த வழியில் சும்மா போக முடியவில்லை. அந்த ஊர்களில் ஒன்றான ஓல்ட்ஸ்வில்லைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால், சொந்தக்காரரும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று பட்டது.

ஓல்ட்ஸ்வில் எங்கே இருந்தது?

ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்கு முனையில், சென் லோறன்ஸ் ஆற்றின் வடகரையில். எதிர்க்கரை அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலம். இன்றைய வரைபடத்தில் பார்த்தால் மொறிஸ்பேர்க்குக்கும் இங்கிள்சைட்டுக்கும் நடுவில் வரும், கோர்ன்வாலிலிருந்து மேற்கே அரை மணி நேரக் கார் ஓட்டம். அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய முடியின் பக்கம் நின்று, அதனாலேயே வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டி வந்த சனம் 1784 இல் இந்தக் கரையோரத்தில் காணி பெற்றுக் குடியேறினார்கள். ஆக இந்த ஊர்களே அகதிகள் உருவாக்கிய ஊர்கள்தான். ஓல்ட்ஸ்வில்லுக்கு முதலில் சார்ள்ஸ்வில் என்று பெயர், பிறகு சாமுவேல் ஓல்ட் என்ற உள்ளூர் அரசியல்வாதியின் பெயரை வைத்தார்கள். ஆற்றங்கரை, ரயில் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், கடைகள், இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் நின்ற தெரு. அவ்வளவுதான். சின்ன ஊர்.

இந்த ஒரு ஊர் மட்டுமா மூழ்கியது?

இல்லை. மீல் றோஷ், மூலினெட், வேல்ஸ், டிக்கின்சன்ஸ் லாண்டிங், ஃபரன்ஸ் பொயின்ற், ஓல்ட்ஸ்வில் என்று ஆறு கிராமங்கள். அவற்றோடு மேப்பிள் குறோவ், சாண்டா குறூஸ், வுட்லண்ட்ஸ் என்ற மூன்று குறிச்சிகளும், சனம் வாழ்ந்த ஷீக் என்ற தீவும். இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘தொலைந்த கிராமங்கள்’ என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். இதைவிட, இறொக்குவா என்ற பட்டணத்தையே அடியோடு பெயர்த்து ஒரு மைல் அளவு வடக்கே கொண்டுபோய் வைத்தார்கள், மொறிஸ்பேர்க்கின் கடைத்தெருவும் ஆற்றோரப் பகுதியும் போயின. மொத்தமாகச் சுமார் 6,500 பேர் இடம் மாறினார்கள். நகர்த்திய வீடுகள் 500 க்கு மேல், போன பண்ணைகள் இருநூற்றுச் சொச்சம், கனடாப் பக்கத்தில் மட்டும் 20,000 ஏக்கர் அளவில் நிலம்.

ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் எவ்வளவு கதை இருக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 1860 இல் பிரித்தானிய இளவரசர், அதாவது வேல்ஸ் இளவரசர், இந்தப் பக்கம் வந்து ஆற்றின் பெரிய நீர்ப்பாய்ச்சலில் (பாறைகளுக்கு நடுவே ஆறு வேகமாகப் பாயும் இடம்) கப்பலில் இறங்கிப் போனார். அவர் வந்து போனதற்காகத்தான் ஒரு கிராமம் வேல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர் இறங்கிப் போன நீர்ப்பாய்ச்சலும் இன்று இல்லை.

எதற்காக மூழ்கடித்தார்கள்?

கப்பலுக்கும் மின்சாரத்துக்கும். அத்திலாந்திக் கடலிலிருந்து பேரேரிகள் வரைக்கும் பெரிய கப்பல்கள் போகக்கூடிய வழி வேண்டும் என்று கனடாவும் அமெரிக்காவும் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டே இருந்தன. பழைய கால்வாய்களில் 14 அடி ஆழம்தான், சின்னக் கப்பல்கள் மட்டுமே போகலாம். தடையாக நின்றவற்றில் பெரியது லோங் சோ என்ற நீண்ட நீர்ப்பாய்ச்சல்; பாறைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கொந்தளித்து ஓடும் தண்ணீர். அமெரிக்கா இழுத்தடித்துக்கொண்டு இருந்ததால், தனியாகவே கட்டிவிடுவோம் என்று கனடா 1951 இல் முடிவெடுத்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா 1954 இல் சேர்ந்துகொண்டது, அந்த வருடம் ஓகஸ்டில் வேலை தொடங்கியது. கோர்ன்வாலில் பிறந்த லயனல் ஷெவ்றியே என்பவர்தான் அப்போதைய மத்திய போக்குவரத்து அமைச்சர். பிறகு சீவே (இந்தக் கப்பல் வழியின் பெயர்) அதிகார சபைக்கும் அவரே தலைவரானார். சொந்த மண்ணின் ஆள் முன்னின்று நடத்திய திட்டம் இது என்பதை இங்கே பலர் மறப்பதில்லை.

ஆற்றுக்குக் குறுக்கே கோர்ன்வாலுக்குப் பக்கத்தில் ஒரு மின் அணை. பாதி கனடாவுக்கு, பாதி அமெரிக்காவுக்கு, ஆளுக்கு 16 மின்னாக்கிகள். அணைக்கு மேல்பக்கம் தண்ணீர் உயர்ந்து ஏரியாகப் பரவும் அல்லவா, அந்த ஏரியின் அடிதான் இந்த ஊர்கள். ‘சென் லோறன்ஸ் ஏரி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அணை என்று சொல்லாமல் எல்லோரும் சீவே, சீவே என்று கப்பல் வழியின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் ஊர்களை உண்மையில் மூழ்கடித்தது மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர்.

வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்களாமே, உண்மையா?

உண்மை. முதல் தடவை கேட்டபோது நானும் நம்பவில்லை. பிறகு புகைப்படங்களைப் பார்த்தேன்.

நியூ ஜேர்சியிலிருந்து ஹார்ட்ஸ்ஹோர்ன் என்ற வீடு நகர்த்தும் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். வீட்டின் அடியில் இரும்பு விட்டங்களைக் கொடுத்து, ஆளை விட உயரமான சில்லுகள் பூட்டிய பெரிய சட்டத்தில் வீட்டைத் தூக்கி, மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போய், புது இடத்தில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த அத்திவாரத்தின் மேல் இறக்கி வைப்பார்கள். சாமான்களைக் கட்டத் தேவையில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள், சுவரில் படங்கள், யன்னலில் திரைச்சீலை, எல்லாம் அப்படியே. அந்தப் படங்களில் ஒன்றை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவின் நடுவில் ஒரு வீடு போகிறது. இரண்டு மாடி, மரவீடு, யன்னல்கள் மூடி இருக்கின்றன, வாசல் கதவும் மூடி இருக்கிறது. ஆனால் கதவுக்குக் கீழே படி இல்லை. படியை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வீடு போனது.

என் மனதில் தங்கிப்போனது அந்தப் படிதான். வேலை செய்தவர்கள் ஒரு கோப்பைகூட உடையாமல் வீட்டைக் கொண்டுபோனார்கள், அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வெளியே இருந்தது எதுவும் சட்டத்தில் ஏறவில்லை. கிணறு ஏறவில்லை. வேலிக்கு மேலால் எட்டி உப்பு கேட்கும் தூரத்தில் அடுத்த வீடு இருந்ததே, அந்தத் தூரம் ஏறவில்லை. பெரிய மரங்கள் ஏறவே இல்லை, அவற்றை வெட்டினார்கள். பின்னாளில் மிதந்து வந்து கப்பலுக்கும் மின்னாக்கிக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்று ஏரிக்குள் வரப்போகும் நிலம் முழுவதையும் மொட்டையாக்கினார்கள். வீடு கிளம்பிப் போன பிறகு சொந்த வளவைப் பார்க்கத் திரும்பி வந்தவர்களுக்கு, எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே பிடிபடவில்லையாம்.

எல்லா வீடுகளையும் நகர்த்தினார்களா?

இல்லை. நகர்த்த முடியாதவை, சொந்தக்காரர் காசை வாங்கிக்கொண்டு விட்டுப் போனவை, பள்ளிக்கூடங்கள், மண்டபங்கள் என்று எவ்வளவோ மிஞ்சின. உடைத்தார்கள், எரித்தார்கள்.

இந்த இடத்தில் ஓல்ட்ஸ்வில்லுக்கு மட்டும் உரிய ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். 1958 இன் தொடக்கத்தில், கடும் குளிருக்குள், கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தவர்கள் ஓல்ட்ஸ்வில்லுக்கு வந்தார்கள். ஆள் இல்லாத ஊர், எப்படியும் அழியப் போகும் கட்டடங்கள், ஆனால் கொஞ்ச நாள் முன்பு வரை சனம் உண்மையாகவே குடியிருந்த வீடுகள். தீயைப் படிக்க இப்படி ஒரு வாய்ப்பு எங்கே கிடைக்கும்? ஆறு வீடுகளையும் இரண்டு பெரிய கட்டடங்களையும் ஒவ்வொன்றாகக் கொளுத்தி அளந்தார்கள். புகை எத்தனை நிமிடத்தில் படுக்கையறையை அடைகிறது, உள்ளே இருப்பவர் எவ்வளவு நேரம் தாங்குவார், யன்னல் வழியாக வெளியே வீசும் வெக்கை எவ்வளவு தூரத்தில் அடுத்த வீட்டைப் பற்ற வைக்கும் என்றெல்லாம். ‘சென் லோறன்ஸ் எரிப்புகள்’ என்ற பெயரில் தீயியல் படிப்பவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள்.

அந்த அளவைகளிலிருந்துதான் கனடாவின் தேசியக் கட்டட விதிகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும், எல்லைக்கு நெருங்கிய சுவரில் எவ்வளவு யன்னல் வைக்கலாம் என்ற கணக்கு வந்தது. பிரம்ரனிலோ மார்க்கத்திலோ புது வீடு வாங்கியவர்கள் உங்கள் வீட்டுப் பக்கச் சுவரைப் போய்ப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் பெரிய பெரிய யன்னல், பக்கத்தில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் சின்னதாக ஒன்று. ஏன் இப்படி இருட்டாகக் கட்டுகிறார்கள் என்று கேட்காதவர் இல்லை. அந்தக் கணக்கின் வேர் ஓல்ட்ஸ்வில்லில் எரிந்த வீடுகளில் இருக்கிறது. ஒருவர் பிறந்து வளர்ந்த வீடு எரிந்து, இன்று எங்கோ ஒரு குடும்பம் இரவில் பயமில்லாமல் படுக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு யாராவது இதைச் சொன்னார்களா என்று அடிக்கடி யோசிப்பேன்.

இழப்பீடு நியாயமாகக் கொடுத்தார்களா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்ராறியோ ஹைட்ரோ என்ற மாகாண மின்சார அமைப்புத்தான் காணிகளை எடுத்தது. வீட்டைப் புது ஊருக்கு நகர்த்தித் தரச் சொல்லலாம், அல்லது விலையை வாங்கிக்கொண்டு வேறு வழி பார்க்கலாம். விற்க மாட்டேன் என்று சொல்லும் வழி மட்டும் இருக்கவில்லை. முதலில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் குறைவாகவும், இழுத்துப் பிடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் கிடைத்தது என்ற மனக்குறை நெடுங்காலம் இருந்தது. இன்னொரு குறை, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: ஆற்றைப் பார்த்தபடி இருந்த வீட்டுக்கும் உள்ளே தள்ளி இருந்த வீட்டுக்கும் வித்தியாசம் சதுர அடியில் தெரியாது. காலையில் எழும்பி ஆற்றைப் பார்த்துத் தேநீர் குடித்தவருக்கு, புது ஊரில் எதிர் வீட்டுச் சுவர். ஆற்றங்கரை பூங்காவாகப் பொதுச் சொத்தாகிவிட்டது. பூங்கா நல்லதுதான், நானும் அங்கே குடும்பத்தோடு போயிருக்கிறேன். ஆனால் யாருடைய வாசலில் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு உட்காருவது வேறு.

இறந்தவர்களை என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் முதலில் கேட்பார்கள். பதினெட்டு அளவில் சேமக்காலைகள் (கல்லறைத் தோட்டங்கள்) மூழ்கும் பகுதிக்குள் இருந்தன. உறவினர் கேட்டுக்கொண்ட இடத்தில் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் புதுச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். தண்ணீர் அரித்துவிடாமல் அந்த நிலத்தின் மேல் கல் பரவி மூடினார்கள். எடுத்த பழைய நடுகற்களில் பல, இப்போது அப்பர் கனடா விலேஜ் என்ற அருங்காட்சியகக் கிராமத்துக்கு அருகில், ஒரு நினைவிடத்தின் செங்கல் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. போய்ப் பாருங்கள். குழந்தைகளின் கற்கள் நிறைய. எழுத்து தேய்ந்த கல்லில் விரலை வைத்துத் தடவினால்தான் வயது தெரியும்.

தண்ணீர் வந்த அன்று என்ன நடந்தது?

1958 யூலை 1. கனடா தினம், அப்போது டொமினியன் தினம் என்பார்கள். காலை 8 மணிக்கு, ஆற்றைத் தடுத்து வைத்திருந்த தற்காலிக அணையை 30 தொன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கான சனம் வேடிக்கை பார்க்கக் கூடி நின்றது. பெரிய அலை ஒன்று பாய்ந்து வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அப்படி ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மெதுவாக, நாலு நாள் அளவில், ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. முதலில் பள்ளமான வயல், பிறகு தெரு, பிறகு படிகள். சொந்த வளவு மூழ்குவதை நின்று பார்த்தவர்கள் நாலு நாளும் அதைப் பார்த்தார்கள். ஒரேயடியாக அடித்துக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காதோ என்று எனக்குத் தோன்றும்.

அதற்கு முன்பு, லோங் சோ நீர்ப்பாய்ச்சலில் தண்ணீரை மறித்தபோது ஆற்றின் அடி காய்ந்து வெளியே தெரிந்திருக்கிறது. ஆண்டாண்டு காலமாக இரைச்சலாகவே கேட்டுப் பழகிய இடத்தில் சனம் இறங்கி நடந்து பார்த்தார்கள். அதன் பிறகு அந்தச் சத்தம் வரவே இல்லை.

புது ஊர்களில் வாழ்க்கை எப்படி இருந்தது?

இங்கிள்சைட், லோங் சோ என்று இரண்டு புது ஊர்கள் கட்டினார்கள். பெயர் வைக்கும் வரைக்கும் அவை ‘ஊர் இலக்கம் 1’, ‘ஊர் இலக்கம் 2’. ஓல்ட்ஸ்வில் சனத்தில் பலர் போனது முதலாவதுக்கு. ஃபரன்ஸ் பொயின்ற், டிக்கின்சன்ஸ் லாண்டிங், வேல்ஸ் ஆட்களும் அங்கேதான். குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வசதி, புதுப் பள்ளிக்கூடம், நல்ல அத்திவாரம், எல்லாம் இருந்தன. வசதி கூடியதைச் சந்தோஷமாகச் சொன்னவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இளம் குடும்பங்களுக்கு அது முன்னேற்றம். வயது போனவர்கள்தான் தடுமாறினார்கள். நிழல் தர ஒரு மரம் இல்லாத, சேற்றுத் தெருக்களும் நாற்றுக் குச்சிகளும் உள்ள ஊரில், தன் பழைய வீட்டுக்குள் இருந்துகொண்டு யன்னலைத் திறந்தால் தெரியாத காட்சி. உள்ளே எல்லாம் அதே, வெளியே எதுவும் அதே இல்லை.

பூர்வகுடி மக்களுக்கு என்ன ஆனது?

தொலைந்த கிராமங்களைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கோர்ன்வாலுக்குப் பக்கத்தில் அக்வெசாஸ்னே, மொன்றியலுக்கு எதிரே கானவாகே, இரண்டும் மோஹோக் மக்களின் நிலம். கானவாகேயில் கப்பல் கால்வாய் வெட்டுவதற்காக 1,260 ஏக்கர் அளவு நிலத்தை எடுத்தார்கள். ஆற்றோடு பிறந்து ஆற்றோடு வாழ்ந்த ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் கால்வாய் வந்து படுத்துக்கொண்டது. அக்வெசாஸ்னேயில் மீன்பிடியும் தோட்டமும் கெட்டன. அணையோடு வந்த மலிவு மின்சாரத்தை நம்பி எதிர்க்கரையில் பெரிய ஆலைகள் வந்தன, அவற்றின் கழிவு பல பத்தாண்டு ஆற்றில் கலந்தது. ஓல்ட்ஸ்வில் சனத்துக்கு வீட்டையாவது தூக்கிக் கொடுத்தார்கள். ஓல்ட்ஸ்வில்லுக்காக வருத்தப்படும் எவரும் இவர்களையும் சேர்த்தே வருத்தப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் இழந்ததற்குப் பலன் கிடைத்ததா?

மின்சாரம், சந்தேகமில்லாமல். அந்த அணை இன்றும் ஓடுகிறது, ஒன்ராறியோவில் நீங்கள் இதை வாசிக்கும் வெளிச்சத்தில் அதற்கும் பங்கு உண்டு. கப்பல் வழி 1959 ஏப்ரலில் திறந்தது, யூன் 26 ஆம் திகதி எலிசபெத் மகாராணியும் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரும் வந்து விழா எடுத்தார்கள். ஆழம் 14 அடியிலிருந்து 27 அடியாக மாறியது. லப்றடோர், கியூபெக் பக்கத்து இரும்புத் தாது மேலே ஏறியது, மேற்கின் தானியம் கீழே இறங்கியது. ஆனால் கடற்கரைத் துறைமுகம்போல இந்தப் பக்கத்துப் பட்டணங்கள் வளர்ந்துவிடும் என்று காட்டிய ஆசை நடக்கவில்லை. கப்பலை ஏற்றி இறக்கும் லொக்குகளின் அகலம் 80 அடி. இன்றைய பெரிய கொள்கலன் கப்பல்கள் அதற்குள் நுழையவே முடியாது, பனிக்காலத்தில் பல கிழமைகள் வழியும் மூடியிருக்கும்.

மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்கள் மாதிரியா?

தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பது. ஓரளவுக்கு. மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தெரியும் என்பார்களே, அப்படி இங்கேயும் வற்றும்போது ஊர் எட்டிப் பார்க்கும். ஆனால் கோபுரம் ஏதும் மிஞ்சவில்லை, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டுத்தான் தண்ணீரை விட்டார்கள்.

அப்படியானால் இப்போது போனால் என்ன தெரியும்?

சாதாரண நாளில் தண்ணீரும் வாத்தும். ஓல்ட்ஸ்வில் றோட்டில் தெற்கே போனால் தெரு நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடும். பக்கத்தில் பறவைகள் சரணாலயம் இருப்பதால் இலையுதிர் காலத்தில் கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும்.

நீர்மட்டம் குறைந்த நாளில் போனால் கதையே வேறு. இதில் ஒரு விசித்திரம் உண்டு: மேலே ஒன்ராறியோ ஏரியில் தண்ணீர் கூடினால், அதை வேகமாகக் கீழே விடுவதற்காக அணையைக் கூடுதலாகத் திறப்பார்கள், அப்போது அணைக்கு மேலுள்ள இந்த ஏரி இறங்கிவிடும். ஆகவே வேறெங்கோ வெள்ளம் என்று செய்தி வந்தால் இங்கே ஊர் வெளியே வரலாம்.

நான் அப்படி ஒரு ஒக்ரோபர் பின்னேரம் போனேன். முதலில் சேறுதான் தெரிந்தது. பிறகு கண் பழகியதும், சேற்றுக்குள் ஒரு நேர்கோடு. கொங்கிறீற்று நடைபாதை. ஒவ்வொரு பாளமும் இன்னும் பொருந்தித்தான் இருந்தது, பொருத்துகளில் சின்னச் சின்ன வரிச் சிப்பிகள் அடைத்துக் கிடந்தன. ஓரமாக வரிசையாய் மரக் கட்டைகள், அடியோடு அறுத்தவை, ஒரே இடைவெளியில். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தெரு தானாகப் புரிந்துவிடும்: இங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு, இங்கே ஒரு ஒழுங்கை பிரிகிறது. ஓரிடத்தில் மூன்று சீமெந்துப் படிகள். மேலே ஏறினேன். எதுவும் இல்லை, காற்று மட்டும். படம் எடுக்கக் கையைப் பைக்குள் விட்டுவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று இறங்கிவிட்டேன்.

அங்கே கிடக்கும் பொருட்களை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஒரு ஆணிகூட. அனுமதிப் பத்திரம் உள்ள தொல்லியலாளர் தவிர வேறு யாரும் இப்படியான இடங்களில் பொருள் எடுப்பது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். சேறு இடுப்பு வரை இழுக்கும் இடங்களும் உண்டு, தனியாகப் போக வேண்டாம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேறு இடங்கள் உண்டா?

தாராளமாக. லோங் சோவுக்கு அருகே ஓல்ட் பார்க்கில் தொலைந்த கிராமங்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் 1977 இல் தொடங்கிய சங்கம் நடத்துவது, பத்துப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மூலினெட் ரயில் நிலையம் அதில் ஒன்று. கோடையில்தான் திறந்திருக்கும். அங்கிருந்து லோங் சோ பார்க்வே என்ற தெரு பதினொரு தீவுகளைக் கோர்த்துக்கொண்டு போகும். தீவுகள் என்று சொல்கிறோம், அவை முன்பு மேட்டு நிலங்கள்; பள்ளம் மூழ்க, மேடு தீவாகிவிட்டது. அங்கே முகாம் போடும் இடங்களுக்கு மீல் றோஷ், வுட்லண்ட்ஸ் என்று ஊர்களின் பெயர்களே. நீரடியில் நீந்தத் தெரிந்தவர்கள் பழைய கோர்ன்வால் கால்வாயின் 21 ஆம் லொக்கைப் பார்க்க அங்கேதான் இறங்குவார்கள். அப்பர் கனடா விலேஜ் 1961 இல் திறந்தது, மூழ்கும் பகுதியிலிருந்து மீட்ட கட்டடங்கள் பல அங்கே இருக்கின்றன, மூலினெட்டின் 1837 ஆம் ஆண்டுத் தேவாலயம் உட்பட. ஆனால் அது 1860 களின் வாழ்க்கையைக் காட்டும் இடம். 1950 களில் அங்கே வாழ்ந்த சனத்தைத் தேடினால் ஓல்ட் பார்க்குக்குத்தான் போக வேண்டும். எங்கள் பிள்ளைகளை இரண்டுக்கும் கூட்டிப் போனோம், அவர்கள் கேள்வி கேட்டது ஓல்ட் பார்க்கில்.

வெள்ளைக்காரரின் ஊரைப் பற்றி ஒரு தமிழர் ஏன் இவ்வளவு எழுத வேண்டும்?

இதைக் கேட்டவர் என் மச்சான். கோபப்படவில்லை, உண்மையாகவே கேட்டார்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். 1990 யூனில் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம், பிறகு அது இராணுவத்தின் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டது. காரணம் வேறு, நடந்த விதமும் வேறு, ஒப்பிட வரவில்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் ஸ்காபரோவில் குசினி மேசையில் இருந்தபடி எங்கள் ஒழுங்கையை வீடு வீடாகச் சொல்லுவா. முதலில் புளியமரத்தடி வீடு, அடுத்தது மாஸ்டர் வீடு, அடுத்தது தகரப் படலை வீடு. சொல்லி வரும்போது ஒரு வீடு விடுபட்டால் நின்று, திரும்பத் தொடக்கத்திலிருந்து சொல்லுவா.

ஓல்ட் பார்க்கில் நான் கண்ட ஒரு வயதான பெண்மணி, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பழைய தெருப் படத்தில் விரலை வைத்துத் தன் பேத்திக்கு இதே மாதிரித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் விரல் நின்றது. பெயர் வரவில்லை. திரும்ப முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்.

ஓல்ட்ஸ்வில் என்ற பெயர் எங்காவது மிஞ்சியிருக்கிறதா?

இருக்கிறது. தெருப் பெயராக இருக்கிறது. அப்புறம் அந்த ரயில் நிலையம். 1958 க்கு முன்னே ரயில் பாதையை வடக்கே தள்ளிப் போட்டபோது நிலையத்துக்கு வேலை இல்லாமல் போனது, ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றி, அப்பர் கனடா விலேஜுக்குப் பக்கத்தில், 2 ஆம் இலக்கத் தெருவோரமாக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் 1008 என்று இலக்கமிட்ட ஒரு பழைய நீராவி எஞ்சின். தண்டவாளம் எஞ்சின் நிற்கும் நீளத்துக்கு மட்டும், அதற்கு மேல் புல். அடுத்த முறை மொன்றியல் போகும்போது 758 ஆம் வெளிவழியில் இறங்கித் தெற்கே போய்ப் பாருங்கள், 401 இலிருந்து ஐந்து நிமிடம்கூட இல்லை.